உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு நாய்களைப் பழக்குவது பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் வந்ததை வாசித்தேன். வீட்டில் யார் பெரியவர் என்று நாய்க்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும், உறுமினால் பிடரியைப் பிடித்து மல்லாக்கப் புரட்டி அது அடங்கும்வரை அமர்த்திப் பிடிக்க வேண்டும், விட்டால் தலையில் ஏறிவிடும் என்று அதை எழுதிய அன்பர் சொல்லியிருந்தார். அவர் நாய்களில் பிரியமுள்ளவர் என்பது கடிதத்தில் தெரிகிறது, அவரோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வரிகளை நம்பி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாராவது தன் வீட்டு நாயில் அதைச் செய்து பார்த்தால், கடி வாங்கப் போவது அநேகமாக அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நாய் ஏன் உறுமுகிறது? பயத்தில் உறுமும், நோவில் உறுமும், வாயில் இருக்கிற எலும்பை யாரோ பறிக்கப் போகிறார்கள் என்று நினைத்து உறுமும். காரணம் எதுவாக இருந்தாலும் அது கேட்பது ஒன்றுதான், கொஞ்சம் தள்ளிப் போ என்று. கடிப்பதென்றே முடிவெடுத்த நாய் உறுமிக்கொண்டு நிற்காது, உறுமுகிற நாய் கடிக்காமல் தப்ப வழி பார்க்கிறது. உறுமலுக்கு முன்னாலும் அது கனக்கச் சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், உடம்பு விறைத்து ஒரு கணம் அப்படியே நிற்கும். இவற்றை நாங்கள் கவனிப்பதில்லை, அதனால்தான் கடைசியில் சத்தம் போடுகிறது. அந்தச் சத்தத்துக்கு அடி விழுந்தால் நாய் என்ன படிக்கும்? சத்தம் போட்டால் அடி விழும் என்று மட்டும் படிக்கும். பயமும் நோவும் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த முறை சத்தம் வராது, நேரே பல்தான் வரும்.

எங்கள் தொடர்மாடியின் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம், அவர்களிடம் ஒரு வயதுகூட ஆகாத அல்சேஷன். சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறது என்று வீட்டுக்கு வந்து பழக்குகிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஆள் யார் என்பது இங்கே தேவையில்லை, அவரைப் போல இந்த நகரத்தில் கனபேர் இருக்கிறார்கள். கோப்பையை வைத்தார். நாய் வாயை வைத்ததும் காலால் கோப்பையை இழுத்தார். உறுமியது, அவ்வளவுதான். உள்பக்கம் முள் வைத்த கழுத்துச் சங்கிலியை முறுக்கி, பக்கவாட்டில் விழுத்தி, முழங்காலைத் தோளில் ஊன்றி அமர்த்தினார். முதலில் உதைத்தது. பிறகு நின்றுவிட்டது. காது இரண்டும் பின்னால் ஒட்டிப்போய், வாய் இறுக மூடி, வால் வயிற்றுக்குள் போய், சீமெந்துத் தரையில் சிறுநீர் மெல்லப் பரவியது. "பாத்தீங்களா, இப்ப அடங்கிட்டான்" என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடக்கம் என்று அவர் காட்டியது பயத்தில் உறைந்துபோன ஒரு பிராணியை. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை என்றால் எந்த விலங்கும் அப்படித்தான் கட்டைபோலக் கிடக்கும். அடுத்த சில கிழமைகளுக்கு அது உறுமவே இல்லை, வீட்டுக்காரருக்கு நல்ல சந்தோஷம், பக்கத்து வீடுகளுக்கும் அந்த ஆளின் இலக்கத்தைக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த சொந்தக்காரரின் பிள்ளை கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தது. நாய் மூச்சும் காட்டவில்லை. உள்ளங்கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கியது, தையல் போட்டு, ஊசி போட்டு, பிள்ளை இன்றைக்கும் நாயைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிக்கிறது. அந்த அல்சேஷன் இப்போது பேலியகொடைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறதாம். "ஒரு சத்தமும் போடாமல் பாய்ந்தது" என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொன்னார். சத்தம் போடக் கூடாது என்று அதற்குக் காசு கொடுத்துப் படிப்பித்திருந்தார்களே.

இந்த முறை ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்றால், அது அந்த நேரத்துக்கு வேலை செய்கிறமாதிரித் தெரிகிறது, இதை நான் மறுக்கவில்லை. குரைக்கிற நாய்க்கு ஒன்று வைத்தால் அந்த நிமிடமே வாயை மூடும், வைத்தவருக்கு உடனே பலன் கிடைத்துவிடுகிறது. அதன் விலையை வேறொருவர், வேறொரு நாளில் கொடுக்கிறார், இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. அதோடு "அடியாத மாடு படியாது", "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவான்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்ட பிறகும் பிரம்பு முழுதாகப் போய்விடவில்லை, நாய்க்கு மட்டும் யார் இரங்கப் போகிறார்கள்.

அன்பர் ஓநாய்க் கூட்டத்தையும் உதாரணம் காட்டியிருந்தார். கூட்டத்தில் ஒரு தலைவன் இருக்கும், மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும், நாயும் ஓநாய் வழி வந்ததுதானே, ஆகவே நாங்களும் தலைவனாக நடக்க வேண்டும் என்பது அவரின் கணக்கு. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை வேலிக்குள் சேர்த்து அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். அமெரிக்கரான டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூலிலும் அந்தத் தலைவன் கதை இடம்பிடித்தது, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் கிட்ட இருந்து பார்த்தார். அங்கே இருந்தது தாய், தகப்பன், முன்னைய ஈற்றுக் குட்டிகள், புதுக் குட்டிகள், ஒரு குடும்பம். பெற்றோர் வழிகாட்டுகின்றன, பிள்ளைகள் பின்னால் போகின்றன, யாரும் யாரையும் வென்று தலைவனாகவில்லை. 1999இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டு, ஒருவழியாக 2022இல் அது நின்றது. சொன்னவரே திருப்பி வாங்கிக்கொண்ட ஒன்றை நாங்கள் இன்னும் கொழும்பில் பிடித்துத் தொங்குகிறோம்.

மல்லாக்கப் புரட்டி அமர்த்துவதும் அப்படித்தான். அமெரிக்காவில் அல்சேஷன்கள் வளர்க்கிற நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் தங்கள் நூலில் எழுதிய பிறகுதான் அது வீடுவீடாகப் போனது, 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஆனால் 2004இல் தொடங்கிய, நாய் பழக்குகிற சீசர் மிலானின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதே போக்குக்குப் புது உயிர் கொடுத்தது. அந்த நிகழ்ச்சியிலேயே, துறைசார்ந்தவரிடம் கேட்காமல் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று எழுத்தில் எச்சரிக்கை போடுவார்கள். யூடியூபிலும் டிக்டொக்கிலும் வெட்டி வெட்டி ஓடுகிற துண்டுகளில் அந்த வரியை எங்கே காண்பது?

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியர் மேகன் ஹெரனும் அவருடைய சகாக்களும் 2009இல் 140 நாய்ச் சொந்தக்காரர்களிடம், என்னென்ன முறைகளைச் செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டு வெளியிட்டார்கள். அடித்த, உதைத்த இடத்தில் 43 வீதமான நாய்கள் திருப்பிச் சீறின அல்லது கடிக்க வந்தன. நாயைப் பார்த்து ஆள் உறுமினால் 41 வீதம். வாயிலிருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கினால் 39. மல்லாக்கப் புரட்டி அமர்த்தினால் 31. கண்ணுக்குள் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே 30. சாப்பாடு கொடுத்து மாற்றிக்கொள்வது போன்ற முறைகளில் இது மிகக் குறைவு. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், இவை ஏற்கெனவே நடத்தைப் பிரச்சினை இருந்து வைத்தியரிடம் கொண்டுவந்த நாய்கள், எல்லா நாயும் இப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்த முறைகளை யார் பாவிக்கிறார்கள்? ஏற்கெனவே உறுமுகிற நாய் உள்ள வீட்டுக்காரர்தானே.

போர்த்துக்கலின் போர்ட்டோ நகரில் இன்னொரு ஆய்வு, 2020இல் வந்தது. பயிற்சிப் பள்ளிகளுக்குப் போன 92 வீட்டு நாய்களை எடுத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எச்சிலில் கோர்ட்டிசோல் என்கிற மன அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். இழுத்தும் அதட்டியும் பழக்குகிற பள்ளிகளின் நாய்களுக்கு அது கூடியிருந்தது, உதடு நக்குதலும் கொட்டாவியும் ஒடுங்கிக்கொள்வதும் கூட. அப்புறம் அவர்கள் செய்த ஒரு சோதனை என் மனதில் நிற்கிறது. ஒரு பக்கம் கோப்பை வைத்தால் அதில் சாப்பாடு இருக்கும், மறு பக்கம் வைத்தால் இருக்காது என்று நாய்களுக்குப் பழக்கிவிட்டு, கோப்பையை நடுவிலே வைத்தார்கள். அன்பாகப் பழகிய நாய்கள் இருக்கும் என்று நம்பி விரைவாகப் போயின. கடுமையாகப் பழக்கப்பட்டவை தயங்கித் தயங்கிப் போயின. பயிற்சி நடக்காத இடத்திலும், யாரும் அதட்டாத நேரத்திலும், அந்த நாய்களுக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை குறைந்திருந்தது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். வேறு சில நாடுகளில் நாய் கடித்தால் காயம், தையல், அவ்வளவுதான். இங்கே விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. 1970களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் செத்த நிலை மாறி, தடுப்பூசியால் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாத நோய் அது. அதனால் ஒவ்வொரு கடிக்கும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, வரிசையில் நின்று, ஊசிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் அது எங்கள் எல்லாருடைய காசு. வீட்டுக்குள் உறுமலை அடித்து நிறுத்துகிறவர் தன் வீட்டுக் காரியத்தை மட்டும் பார்க்கவில்லை. மின்தூக்கியில் அந்த நாயோடு ஏறுகிற மாமி, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி, மாலையில் மெரைன் டிரைவில் நடக்கிற பிள்ளைகள் எல்லாரிடமிருந்தும் அந்த எச்சரிக்கையைப் பறிக்கிறார். கட்டாக்காலி நாய்களைப் பற்றி வருடக்கணக்கில் கத்துகிறோம், கேட்டுக்குள் இருக்கிற நாயைப் பற்றிக் கேட்பவர் இல்லை.

ரொட்வைலருக்கும் டோபர்மேனுக்கும் தீனி காட்டிக் கெஞ்ச முடியுமா என்று அன்பர் கேட்டிருந்தார். நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள, ஆளையே இழுத்து விழுத்தக்கூடிய நாயோடு பலத்தில் போட்டி போடுவதுதான் எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது. அதில் வெல்வதற்கு வீட்டிலே தகப்பன் ஒருவரால் மட்டும்தான் முடியும், அம்மம்மாவாலும் பத்து வயதுப் பிள்ளையாலும் முடியாது, அந்த நாயோடு பகல் முழுக்க வீட்டில் இருப்பது அவர்கள்தான். டொல்பினுக்கு யாரும் சங்கிலி போடுவதில்லை, அடிக்கப் போனால் அது நீந்திப் போய்விடும். விசிலும் மீனும் வைத்துத்தான் பழக்குகிறார்கள், சொன்னதைச் செய்கிறது. போதைப்பொருள் தேடுகிற நாய்களைப் பாருங்கள், ஒரு பந்துக்காகவோ தீனிக்காகவோ உயிரைக் கொடுத்துத் தேடும். அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், மூர்க்கமான நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைதான் பாவிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

தீனி கொடுப்பது லஞ்சம், நாய் கெட்டுப்போகும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய் உறுமுகிற நாயை எங்கள் வீட்டில் எப்படிக் கையாளுகிறோம் என்று சொல்கிறேன். யாரும் குனிந்து கையை நீட்டுவதில்லை, சுற்றி நிற்பதுமில்லை. பொரித்த நெத்தலி நாலைந்து, உப்பில்லாதது, கட்டிலுக்கு எட்டத்தில் தரையில் ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டே பின்னால் நடப்போம். மூக்கு வரும், பிறகு தலை வரும், செருப்பு அங்கேயே கிடக்கும், நாய் நெத்தலிக்குப் பின்னால் சமையலறைவரை வந்துவிடும். அதன் பிறகுதான் ஒருவர் போய்ச் செருப்பை எடுப்பார். எடுத்து முடிந்தால் இன்னொரு நெத்தலி. சில நேரம் எடுத்த பொருளையே திருப்பிக் கொடுத்துவிடுவோம், ஆபத்தில்லாத பொருளாக இருந்தால். இப்படியே பழகப் பழக, மனிதர் கிட்ட வந்தால் ஒன்று போகும் என்று நினைத்த நாய், கிட்ட வந்தால் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்கத் தொடங்கும். இப்போது செருப்பைக் கவ்வினால் அதுவே கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறது. சாப்பாட்டுக் கோப்பைக்கும் இதே வழிதான், கோப்பையைத் தொடாமல் தூரத்தால் போகும்போது ஒரு துண்டு கோழி ஈரலை அதற்குள் எறிந்துவிட்டுப் போங்கள், நாளாக நாளாகத் தூரத்தைக் குறைக்கலாம்.

அதுவரை சின்னப் பிள்ளைகளை நாய் சாப்பிடுகிற இடத்துக்கு விடாதீர்கள், ஒரு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திச் சாப்பாடு கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே முடிந்தது. கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். காலி வீதிக்கு ஓடப் பார்க்கிற நாயை வாரில் இழுத்துத்தான் பிடிக்க வேண்டும், பாயக்கூடிய நாய்க்கு மூச்சுவிட இடமுள்ள வாய்க்கூடு போட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். தடுத்து வைப்பது வேறு, நோகவைத்துப் படிப்பிப்பது வேறு.

இன்னொன்று, இதை எழுதாமல் விட மனமில்லை. நேற்றுவரை குழைந்த நாய் இன்று தொடும்போது சீறினால், பழக்குகிறவரைக் கூப்பிட முன்னம் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். காதுக்குள் சீழ், இடுப்பு எலும்பில் நோவு, பல் நோவு, எங்கள் ஊர் ஈரக் காலநிலையில் ஓயாமல் ஒட்டுகிற உண்ணியால் வருகிற காய்ச்சல், இவற்றில் ஏதாவது இருக்கும். நோவோடு இருக்கிற பிராணியைப் புரட்டி முழங்காலை வைப்பதைப் பற்றி நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் எங்கள் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, அதில் எழுதிய தண்டப்பணம் ஆகக் கூடியது நூறு ரூபா. அதற்குப் பதிலாக சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்த மிருக நலச் சட்டமூலம் எத்தனை அரசாங்கங்களைக் கண்டுவிட்டது. மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியை வேல்ஸ் 2010இலேயே தடை செய்தது, இங்கே அதை இணையத்தில் வாங்கி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நாய் பழக்குகிறேன் என்று ஒரு அட்டை அடித்துக்கொண்டு வந்தவரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பவரும் இல்லை. ஆகவே வாசகர்கள் நீங்களே கேளுங்கள், காசு கொடுக்க முன்னம் கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், பிழையாகச் செய்தால் என்ன செய்வீர்கள், நான் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்க்கலாமா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், அல்லது நாயைத் தன்னிடம் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

ஆசிரியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாயை அடக்குவது எப்படி என்ற கடிதம் வந்த அதே பக்கத்தில், பேராதனை மிருக வைத்திய பீடத்திலிருந்து ஒருவரைக் கொண்டு நாயின் உடல்மொழி பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை எழுதுவியுங்கள், பாடசாலை விடுமுறை தொடங்க முன்னம் வந்தால் நல்லது. பிள்ளைகள் அந்த நாட்களில்தான் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், பழக்கமில்லாத நாய்களைக் கட்டிப்பிடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06